நான்கு பின்கள்

எங்கள் துறையின் பௌலிங் அணிக்கான தேர்வில் ஆறு கேம் முடிந்தபோது, நான் வீழ்த்திய பின்களுக்கான மொத்த மதிப்பெண் 1,127. ஸ்டோர் பிரிவில் வேலை பார்த்த, நாங்கள் அண்ணன் என்று கூப்பிடும் மூத்த ஊழியரின் மொத்தம் 1,123. ஈப்போ நகரில் நடக்கும் போட்டிக்கு அணியில் ஆறு பேர் தேவை. ஆறாவது இடம் எனக்கு வந்தது, ஏழாவது அவருக்கு.

அன்றிரவு மாமாக் எனப்படும் இந்திய முஸ்லிம் உணவுக்கடையில் அவர்தான் எனக்குத் தே தாரே என்ற இழுத்த தேநீர் வாங்கிக் கொடுத்தார். "நல்லா ஆடிட்டு வா தம்பி. ஈப்போ லேன் கொஞ்சம் வழுக்கும், பாத்துக்க" என்றார். அடுத்த ஆண்டு அவருக்குப் பணி ஓய்வு. எங்கள் துறையின் சார்பில் அவர் விளையாடக் கிடைத்த கடைசி வாய்ப்பு அது. அது இருவருக்கும் தெரியும், ஆனால் அதைப் பற்றி இருவருமே பேசவில்லை.

அந்த நான்கு பின் எப்படி வந்தது என்று எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஒரு கேமுக்குப் பத்து சுற்று, அதைப் பிரேம் என்பார்கள். கடைசி கேமின் ஒன்பதாவது பிரேமில் அண்ணன் விட்ட பந்து, ஒன்றாம் பின்னுக்கும் மூன்றாம் பின்னுக்கும் நடுவே, பாக்கெட்டில் சரியாகப் போய் விழுந்தது. ஒன்பது பின்கள் பறந்தன. வலது ஓரத்துப் பத்தாம் பின் மட்டும் அசையாமல் நின்றது. பக்கத்து லேனில் அதே நேரத்தில் நான் விட்ட பந்து கை நழுவி, பாக்கெட்டைத் தாண்டி இடது பக்கம் போய் மோதியது. பத்தும் சரிந்தன. இப்படித் தப்பான பக்கத்தில் விழும் ஸ்ட்ரைக்கை புரூக்ளின் என்பார்கள். அவர் நன்றாக விட்டும் ஒன்பதுதான். நான் தவறாக விட்டேன், பத்து கிடைத்தது. ஸ்ட்ரைக் விழுந்தால் அடுத்த இரண்டு பந்துகளின் பின்களும் சேர்ந்து கூடும் என்பதால், அந்த ஒரு பந்திலேயே எனக்கு நான்குக்கு மேல் கிடைத்துவிட்டது.

இது விளையாட்டில் சகஜம், அதிர்ஷ்டமும் ஒரு பங்குதானே என்று பலர் ஆறுதல் சொன்னார்கள். அதிர்ஷ்டம் இருக்கட்டும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதற்கு எவ்வளவு இடம் கொடுப்பது என்பதைத் தீர்மானிப்பது தேர்வை நடத்துகிறவர்கள். அன்று ஒரே சாயங்காலம், ஆறே கேம் என்று முடிவு செய்ததன் மூலம், அதிர்ஷ்டத்துக்கு மிகப் பெரிய நாற்காலியைப் போட்டு உட்கார வைத்திருந்தோம்.

பௌலிங் ஆடாதவர்களுக்காக எண்ணெய் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஆடுகிறவர் தாண்டக் கூடாத ஃபவுல் கோட்டிலிருந்து முதல் பின் வரை, பந்து உருளும் தடமான லேன் 60 அடி நீளம். அகலம் 39 பலகைகள். பார்க்க எல்லா லேனும் ஒரே மாதிரிதான் தெரியும். அதன் மேல் பூசியிருக்கும் எண்ணெயில்தான் ஆட்டமே இருக்கிறது. கடைத்தொகுதிகளின் மேல்மாடியில் நாம் வழக்கமாக ஆடும் லேன்களில் ஹவுஸ் ஷாட் என்ற பூச்சு இருக்கும். நடுவில் எண்ணெய் அதிகம், ஓரங்களில் மிகக் குறைவு. பந்து கொஞ்சம் வெளியே போய்விட்டால் காய்ந்த ஓரம் அதைப் பிடித்துத் திருப்பி உள்ளே அனுப்பும். உள்ளே போய்விட்டால் எண்ணெய் வழுக்கி நேராகக் கொண்டுபோகும். நம் பிழைகளை லேனே திருத்தித் தரும். போட்டிகளுக்குப் போடும் பூச்சில் நடுவுக்கும் ஓரத்துக்கும் அவ்வளவு வித்தியாசம் இருக்காது, அதனால் அந்த உதவியும் கிடைக்காது. பூச்சின் நீளமும் மாறும். ஆட்டக்காரர்களிடம் ஒரு கைக்கணக்கு உண்டு: பூச்சின் நீளத்திலிருந்து 31-ஐக் கழித்தால், பந்து எந்தப் பலகையில் எண்ணெயை விட்டு வெளியேற வேண்டும் என்பது ஏறக்குறையத் தெரியும். 36 அடிப் பூச்சு என்றால் ஐந்தாவது பலகை, கிட்டத்தட்ட லேன் ஓரத்துப் பள்ளத்துக்குப் பக்கம். 42 அடி என்றால் பதினொன்றாவது பலகை. இவை இரண்டும் வேறு வேறு ஆட்டம் என்றே சொல்லலாம்.

எங்கள் தேர்வு நடந்தது ஹவுஸ் ஷாட்டில். ஈப்போவில் இருந்தது நீளமான போட்டிப் பூச்சு. ஓரத்தில் போட்டுத் திருப்பிக் கொண்டுவரும் என் பந்து அங்கே திரும்பவே இல்லை. மூன்று நாள் ஆடி சராசரி 163 எடுத்தேன். அண்ணன் நேராக விடுகிறவர். முதல் பந்தில் மிஞ்சிய பின்களை இரண்டாம் பந்தில் வீழ்த்தும் ஸ்பேரை அவ்வளவு எளிதில் தவறவிட மாட்டார். அங்கே அவர் ஆடியிருந்தால் என்ன எடுத்திருப்பார் என்று மூன்று நாளும் யோசித்துக்கொண்டே இருந்தேன்.

அடுத்த ஆண்டு, மதிப்பெண் மட்டும் போதாது என்று குரல் எழுந்தது. சரி என்று மூன்று பேர் கொண்ட குழு போட்டார்கள். அவர்கள் பார்த்துத் தேர்ந்தெடுப்பார்கள் என்று முடிவானது. அவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை, நேரம் செலவழித்து உட்கார்ந்து பார்த்தார்கள். ஆனால் பட்டியல் வந்ததும் அதில் இல்லாதவர்கள் "ஏன்?" என்று கேட்டார்கள், பதில் சொல்ல யாரிடமும் எதுவும் இல்லை. "ஒட்டுமொத்தமாகப் பார்த்தோம்" என்றார்கள். கேப்டனோடு மீன் பிடிக்கப் போகிறவர்களுக்குத்தான் இடம் என்ற பேச்சு எழுந்தது. எங்கள் அணியில் மலாய்க்காரர், சீனர், இந்தியர் மூவரும் உண்டு. விளக்கம் இல்லாத ஒரு தேர்வு அங்கே வேறு விதமான சந்தேகத்தையும் கிளப்பும். அப்படி யாரும் எண்ணித் தேர்ந்தெடுக்கவில்லை என்று நான் இன்றைக்கும் நம்புகிறேன். ஆனால் அதைக் காட்ட ஒரு தாள்கூட இல்லையே. இரண்டு பேர் அதோடு லீக்கை விட்டே போய்விட்டார்கள். நல்ல ஆட்டக்காரர்கள். அந்த இழப்பு ஈப்போவில் நான் எடுத்த 163-ஐ விடப் பெரியது.

அப்போதுதான் நான் என் ஸ்கோர் நோட்டை எடுத்து உட்கார்ந்தேன். 120 கேம்கள் எழுதி வைத்திருந்தேன். சராசரி 184. மூன்றில் இரண்டு பங்கு கேம்கள் 158-க்கும் 210-க்கும் இடையில் இருந்தன. அதாவது என் ஆட்டம் சராசரியிலிருந்து 26 பின் மேலும் கீழும் ஆடுவது வழக்கம். பள்ளியில் படித்த புள்ளியியலைத் தூசி தட்டிக் கணக்குப் போட்டேன். என்னைப் போலவே, என் திறமையே உள்ள இன்னொருவர் என்னோடு ஆறு கேம் உருட்டினால், பாதிக்குப் பாதி தடவை எங்கள் மொத்தத்தில் 60 பின்னுக்கு மேல் வித்தியாசம் வரும். திறமை ஒன்றேதான், ஆனாலும் 60 பின்! அந்தக் கணக்குக்கு முன்னால் நான்கு பின்னுக்கு ஒரு மதிப்பும் இல்லை. நாணயத்தைச் சுண்டிவிட்டு என்னைத் தேர்ந்தெடுத்திருக்கலாம், அதுவும் இதுவும் ஒன்றுதான்.

இன்னும் ஒரு கணக்கு. ஒருவர் மற்றவரைவிட உண்மையிலேயே கேமுக்கு 10 பின் சிறந்தவர் என்று வைத்துக்கொள்வோம். அமெச்சூர் மட்டத்தில் 10 பின் என்பது பெரிய இடைவெளி. ஆறு கேமில் தேர்வு வைத்தால், நான்கு தடவைக்கு ஒரு தடவை திறமை குறைந்தவரே முந்திவிடுவார். 24 கேம் வைத்தால் அது பத்தில் ஒரு தடவைக்கும் கீழே போகும். நான்கு மடங்கு ஆடினால் தடுமாற்றம் பாதியாகக் குறைகிறது. இதைச் சங்கக் கூட்டத்தில் வெள்ளைப் பலகையில் எழுதிக் காட்டியபோது, அதுவரை ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள்கூட நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

அப்படியானால் லீக் சராசரியையே எடுத்துக்கொள்ளலாமே, ஆண்டு முழுதும் ஆடியதுதானே என்று ஒருவர் கேட்டார். கேள்வி நியாயமானது. ஆனால் எங்களில் பாதிப் பேர் ஒரு இடத்தில் ஆடுகிறார்கள், மீதிப் பேர் வேறு இடங்களில். ஒரு இடத்தில் 195 எடுப்பவர் இன்னொரு இடத்துக்கு வந்தால் 175 எடுக்கிறார். லேனைத் தேர்ந்தெடுத்து ஆடுகிறவருக்கு அணியில் இடம் கிடைப்பது சரியில்லை. லீக் சராசரியை யார் தேர்வுக்கு வரலாம் என்பதற்கான வாசலாக வைத்துக்கொண்டோம், அதற்கு மேல் இல்லை.

மற்ற நாடுகளில் எப்படிச் செய்கிறார்கள் என்று தேடினேன். அமெரிக்க தேசிய அணிக்கான தேர்வு எனக்கு மிகவும் பிடித்திருந்தது. லாஸ் வேகஸில் பல ஆண்டுகள் நடந்த அந்தத் தேர்வில் ஐந்து நாள், ஐந்து விதமான எண்ணெய்ப் பூச்சு. நாளுக்கு ஆறு கேம், மொத்தம் 30. ஆனால் பின்களின் மொத்தத்தை அப்படியே கூட்ட மாட்டார்கள். ஒவ்வொரு நாளும் எந்த இடம் பிடித்தாயோ அதுதான் உன் புள்ளி. முதலிடம் என்றால் 1, பத்தாமிடம் என்றால் 10. ஐந்து நாளும் கூட்டி, குறைவான புள்ளி எடுத்தவர் முன்னால் நிற்பார். மேலே வரும் சிலர் நேரடியாக அணிக்குள் போவார்கள். மீதி இடங்களைத் தேர்வுக் குழு நிரப்பும். எத்தனை இடம் மதிப்பெண்ணுக்கு, எத்தனை இடம் குழுவுக்கு என்பது முன்கூட்டியே எல்லாருக்கும் தெரியும்.

இடத்தைப் புள்ளியாக்குவதில் ஒரு நல்ல காரணம் இருக்கிறது. ஒரு பூச்சு ஒருவருக்கு அப்படியே பொருந்திப்போய் அன்று மட்டும் 200 பின் முன்னால் போய்விட்டால், மொத்தக் கணக்கில் மற்ற நான்கு நாள் சுமாராக ஆடினாலும் அவர் தப்பித்துவிடுவார். இடப்புள்ளியில் அது நடக்காது. 200 பின்னால் ஜெயித்தாலும் ஒரு பின்னால் ஜெயித்தாலும் 1 புள்ளிதான். எல்லாப் பூச்சிலும் ஓரளவு ஆடத் தெரிந்தவர் மேலே வருவார்.

ஆனால் எங்களுக்கு அது சரிப்பட்டு வரவில்லை. ஏன் என்று சொல்கிறேன். இரண்டு பேருக்கு நடுவே மூன்றே பின் வித்தியாசம், ஆனால் அந்த மூன்று பின்னுக்குள் இன்னும் நான்கு பேர் நெருக்கியடித்து நிற்கிறார்கள் என்றால், மூன்று பின் ஐந்து புள்ளியாகிவிடும். அந்த நான்கு பேர் அன்று வராமல் போயிருந்தால் ஒரு புள்ளிதான். அண்ணனுக்கும் எனக்கும் நடுவே யார் சிறந்தவர் என்பதை, மூன்றாவது ஆள் ஒருவர் அன்று வந்தாரா வரவில்லையா என்பது தீர்மானிக்கக் கூடாது. அமெரிக்கத் தேர்வுக்கு ஏராளமான நல்ல ஆட்டக்காரர்கள் வந்தார்கள், 30 கேம் ஆடினார்கள், அங்கே அது சமப்பட்டுப் போயிருக்கலாம். எங்களில் வருவது பதினெட்டு, இருபது பேர். அதனால் பின்களையே கூட்டுவது என்று வைத்துக்கொண்டோம். நான்கு சனிக்கிழமை, நாளுக்கு ஆறு கேம், மூன்று விதமான பூச்சு. நான்காவது சனிக்கிழமைக்கு, போட்டி நடக்கும் இடத்தில் போடப்போகும் பூச்சு முன்கூட்டியே தெரிந்தால் அதையே போட வேண்டும். ஒவ்வொரு கேமுக்குப் பிறகும் எல்லாரும் அடுத்த ஜோடி லேனுக்கு நகர வேண்டும், யாருக்கும் நல்ல லேனோ கெட்ட லேனோ நிலையாகக் கிடைக்கக் கூடாது.

ஐந்து இடம் மதிப்பெண்ணுக்கு, ஒரு இடம் குழுவுக்கு. குழுவுக்கு ஒரு இடம்கூடக் கொடுக்கக் கூடாது என்று நான் முதலில் வாதாடினேன். பிறகு மனம் மாறினேன். ஆறு பேர் என்றால் இரட்டையர் மூன்று ஜோடி, மூவர் ஆட்டத்துக்கு இரண்டு அணி, கணக்கு நேராகப் போகும். ஆனால் ஐவர் ஆட்டத்தில் ஒருவர் வெளியே உட்கார வேண்டும். பேக்கர் முறையில் ஆடும்போது ஐந்து பேரும் சேர்ந்து ஒரே கேமை ஆடுகிறார்கள். முதல் ஆள் ஒன்றாவது, ஆறாவது பிரேம். கடைசி ஆள் ஐந்தாவது, பத்தாவது பிரேம். அந்தப் பத்தாவது பிரேமில் நின்று ஆடுவதற்கு ஒரு தனி நெஞ்சுரம் வேண்டும், அது எப்போதும் மொத்த மதிப்பெண்ணில் தெரிவதில்லை. அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நிபந்தனை போட்டோம். எதைப் பார்த்து அந்த ஒரு இடம் கொடுக்கப்படும் என்பதைத் தேர்வுக்கு முன்பே எழுதி ஒட்ட வேண்டும். ஒற்றைப் பின் ஸ்பேர்களில் எத்தனை எடுத்தார், கடைசி இரண்டு பிரேம்களில் எப்படி ஆடினார், இந்த மாதிரி எண்ணிச் சொல்லக்கூடியவை. தேர்ந்தெடுத்த பிறகு காரணத்தை நான்கு வரியில் எழுத வேண்டும். குழுவில் இருப்பவர் அந்த ஆண்டு அணிக்குப் போட்டியிடக் கூடாது. சொந்தக்காரர் போட்டியிட்டால் அந்த வாக்குக்கு எழுந்து வெளியே போக வேண்டும்.

இதில் இடதுகைக்காரர் விவகாரம் ஒன்று வந்தது. பெரும்பாலோர் வலதுகை என்பதால் லேனின் வலது பக்கத்து எண்ணெய் சீக்கிரம் தேய்ந்துபோகும், இடது பக்கம் புதிதாகவே இருக்கும். எங்கள் ஒரே இடதுகைக்காரருக்கு அது அநியாயமான சலுகை, அவருடைய மதிப்பெண்ணில் கழிக்க வேண்டும் என்றார் ஒருவர். எனக்குக் கோபம் வந்தது. போட்டியிலும் அதே லேன்தான், அதே தேய்மானம்தான். அங்கே அணிக்கு உதவப்போகும் ஒன்றை இங்கே எதற்குக் கழிப்பது? தவிர, இடது பக்கம் சரியாக அமையாத நாளில் அவருக்கு யாரும் கூட்டிக் கொடுக்கப் போவதில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் ஆட்டத்துக்கு முன் புதிதாக எண்ணெய் போட்டால் போதும் என்று முடித்துவிட்டோம்.

பணம்தான் உண்மையான சிக்கல். ஒரு கேம் பத்து வெள்ளி (ரிங்கிட்) என்று வைத்தாலும் 24 கேமுக்கு 240 வெள்ளி. எங்களில் ஓட்டுநர்கள் இருக்கிறார்கள், ஒப்பந்தத்தில் வேலை செய்கிறவர்கள் இருக்கிறார்கள். நியாயம் என்று சொல்லி 24 கேம் வைத்துவிட்டு, அந்தச் செலவு தாங்காமல் நல்ல ஆட்டக்காரர் ஒருவர் வராமல் போனால் அது என்ன நியாயம்? முதல் ஆண்டு இதை நாங்கள் யோசிக்கவே இல்லை. இரண்டாம் ஆண்டு முதல் சங்கம் பாதிக் கட்டணத்தை ஏற்கிறது. அதற்காக அணிச் சட்டைச் செலவைக் குறைத்துக்கொண்டோம். முதுகில் பெயர் அச்சடிப்பதை நிறுத்தினோம், யாரும் குறைபட்டுக்கொள்ளவில்லை.

1998-இல் கோலாலம்பூரில் காமன்வெல்த் விளையாட்டுகள் நடந்தபோது நான் பள்ளி மாணவன். அந்த விளையாட்டுகளில் பௌலிங் இடம்பெற்றது அந்த ஒரு முறைதான். நம் மலேசியாவின் கென்னி ஆங் ஆண்கள் ஒற்றையரில் தங்கம் வாங்கினார். வாடகைச் செருப்பைப் போட்டுக்கொண்டு நான் முதன்முதலில் லேனில் நின்றது அந்த ஆண்டுதான். தேசிய அணியில் இருப்பவர்களுக்குப் பயிற்சியாளர்கள் உண்டு, ஆண்டு முழுதும் கண்காணிப்பு உண்டு, ஒரு தேர்வில் சறுக்கினாலும் அடுத்தது வரும். எங்களைப் போல வேலை முடிந்து வந்து ஆடுகிறவர்களுக்கு ஆண்டுக்கு ஒரு தடவைதான் கதவு திறக்கும். சும்மா ஒரு அமெச்சூர் அணிதானே, இதற்கு எதற்கு இவ்வளவு விதி என்று கேட்கிறவர்களிடம் நான் இதைத்தான் சொல்வேன்.

புதிய முறை வந்த மூன்றாம் ஆண்டு ஏழாவதாக வந்தது நான். மதிப்பெண்ணில் இடம் பிடித்த ஐந்தாவது ஆளுக்கும் எனக்கும் நடுவே 11 பின். ஆறாவது ஆள் குழுவின் தேர்வு. சுவரில் ஒட்டியிருந்த தாள்களை ஃபோனில் படம் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, 24 கேமையும் நானே கூட்டிப் பார்த்தேன். சரியாக இருந்தது. குழு எழுதிய நான்கு வரியையும் படித்தேன். ஒற்றைப் பின் ஸ்பேரில் அவர் என்னைவிட ஒன்பது அதிகம் எடுத்திருந்தார். வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் யாரையும் போய்க் கேட்க வேண்டியது எதுவும் இருக்கவில்லை. அன்றிரவு நன்றாகத் தூங்கினேன்.

அண்ணன் ஓய்வுக்குப் பிறகும் தேர்வு நாட்களில் வருகிறார். கணினி காட்டும் ஸ்கோரைத் தனித் தாளில் எழுதி, ஆட்டக்காரரிடம் கையெழுத்து வாங்கி, தானும் கையெழுத்துப் போடுவார். அவர் கையெழுத்து இருந்தால் அதற்குமேல் யாரும் கேள்வி கேட்பதில்லை.

இந்த ஆண்டு புதிதாக ஒரு பிரச்சினை. பெண்கள் அணிக்கு வர விரும்பும் ஒரு தங்கை பகுதி நேரமாகப் பட்டப்படிப்பு படிக்கிறார். மூன்றாவது சனிக்கிழமை அவருக்குப் பரீட்சை. ஒரு மாதம் முன்பே கடிதம் கொடுத்துவிட்டார். விதியில் இதற்கு இடமில்லை. மற்ற மூன்று நாளும் அன்றைய சராசரியைவிட அவர் எத்தனை பின் மேலே எடுத்தார் என்று பார்த்து, அதையே மூன்றாம் நாளுக்கும் வைத்துக்கொள்ளலாம் என்று நான் சொன்னேன். ஆனால் அந்தச் சனிக்கிழமைதான் 42 அடிப் பூச்சு, நான்கிலும் கடினமானது. கடினமான நாளைத் தவிர்த்தவருக்கு அது லாபமாகிவிடாதா என்று கேட்டார்கள். அதுவும் சரிதான். இரண்டு கூட்டம் போட்டும் முடிவுக்கு வர முடியவில்லை.

நேற்று அண்ணனை ஃபோனில் கூப்பிட்டேன். முழுதும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அதுக்கு முந்தின வியாழக்கிழமை சாயங்காலம் அதே எண்ணெயைப் போடச் சொல்லு. அந்தப் பொண்ணோட இன்னும் ரெண்டு பேரும் ஆறு கேம் உருட்டட்டும். அவங்க சனிக்கிழமையும் ஆடுவாங்கல்ல, ரெண்டையும் வெச்சுப் பாத்தா லேன் எவ்வளவு மாறியிருக்குன்னு தெரிஞ்சிடும். நானும் வந்து உக்கார்றேன்."

இரண்டு பேரை வைத்து அளப்பது போதாது, நான்கு பேராவது வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. வியாழக்கிழமை இரண்டு லேன் கிடைக்குமா என்று நாளைக்குப் போய்க் கேட்க வேண்டும்.